முப்பத்தாறு புள்ளி ஐந்து

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு தாள்கள்.
ஒன்று கடற்படை அச்சிட்டது:
கெம்ச்சியில் நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம்.
மற்றது ஒரியெட்டா கோடு போட்டது:
நவுவேலின் காய்ச்சல், நான்கு மணிக்கொரு முறை.
முதல் தாள் ஒருபோதும் பிசகியதில்லை.

முப்பத்தெட்டைத் தொட்டால் யோசிக்கக் கூடாது.
மார்ச்சிலிருந்து பை வாசலில் தயாராக நிற்கிறது.
சாக்காவோ துறை வரைக்கும் ஒன்றேகால் மணி,
அப்புறம் பெரிய படகு.
அதன் வயிற்றில் லாரிகளுக்கும் சால்மன் பெட்டிகளுக்கும் நடுவே
எங்கள் வண்டி,
பின்சீட்டில் ஐந்து வயசு
கம்பளிக்குள் கொதித்துக்கொண்டு.
நீரிணையைத் தாண்ட அரை மணி.
அந்த அரை மணியில் நான் செய்ய ஒன்றுமில்லை.
ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பேன்,
படகை நான்தான் ஓட்டுவதுபோல.

என்னென்னவோ கற்றுக்கொண்டோம்.
ஆப்பிளை வேகவைத்தே தரவேண்டும்.
ஈர விறகை வீட்டுக்குள் அடுக்கக் கூடாது.
நாய் பால்தொமேரோ வீட்டுக்குப் போயிற்று,
அங்கே அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.
ஒரியெட்டாவும் நானும் இப்போது
முறை மாற்றிக்கொள்ளும் இரண்டு காவலாளிகள்.
புவெர்த்தோ மோன்ட் மருத்துவமனைத் தாழ்வாரத்தில்
வண்டிச் சாவி, மாற்றுடை, யாருக்கு எவ்வளவு பாக்கி,
எல்லாம் கைமாற்றிவிட்டுப் பிரிவோம்.
ஒருநாள் அவள் உச்சந்தலையில் முத்தமிட்டேன்,
கிருமிநாசினி வாசம்.
"மின்சார பில் கட்டினாயா?" என்றாள்.

ஆகஸ்டில் தீயணைப்புக் கொட்டகையில்
அவனுக்காக பிங்கோ நடத்தினார்கள்.
முதல் பரிசு ஓர் ஆட்டுக்குட்டி, உயிரோடு.
எண்கள் எங்களுக்கே விழுந்து தொலைத்தன.
கொட்டகையே கைதட்டியது, எனக்குத் தலை நிமிரவில்லை.
திருப்பிக் கொடுத்தோம், மறுபடி ஏலம் விட்டார்கள்.
அந்தப் பணத்தில் பதினொரு படகுச் சீட்டு.

ஏலம் முடியும்வரை குட்டியைத் தூக்கி வைத்திருந்தவள் யஸ்னா.
அவளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, பாருங்கள்.
இப்படித்தான் ஆகிறது.

மகளுக்குப் பத்து வயசு.
உருளைக்கிழங்கு உரிப்பாள், அடுப்பை அணையாமல் காப்பாள்,
மழையங்கியை மாட்டிக்கொண்டு தானே பள்ளிக்குப் போவாள்.
பள்ளி நாடகத்தில் அவள் பெலிக்கனா, கடல்நாயா,
எனக்குத் தெரியாது.
அன்று பண்ணையில் சிப்பிக் கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தேன்.
யாராவது விசாரித்தால் "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்போம்,
நல்லா இருப்பதுதான் அவள் உத்தியோகம் என்பதுபோல.

நேற்றிரவு ஒரியெட்டாவுக்கு மீன் ஆலையில் இரவுப்பணி.
பத்து மணிக்கு நவுவேலின் அக்குளில் வெப்பமானியை வைத்தேன்.
முப்பத்தேழு புள்ளி ஒன்று. எழுதினேன்.
கதவோரம் ஒற்றைக் காலுறையோடு யஸ்னா.
"எனக்கும் வை."
காய்ச்சலா?
"இல்லை."
எங்காவது வலிக்கிறதா?
"இல்லை. வை."

வைத்தேன்.
முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு
என் மடியோரம் உட்கார்ந்தாள்.
தகரக் கூரையில் மழை.
கருவி கத்தும்வரை இருவரும் பேசவில்லை.
முப்பத்தாறு புள்ளி ஐந்து.
"எழுது" என்றாள்.

தாளில் அவளுக்குக் கட்டம் இல்லை.
ஸ்கேலைத் தேடினேன், அகப்படவில்லை.
கடற்படைத் தாளின் விளிம்பைப் பிடித்து
ஓரத்தில் ஒரு கோடிழுத்தேன், கோணலாக.
மேலே பெயர். கீழே எண்.
அதை இரண்டு முறை வாசித்தாள்,
பிறகு படுக்கப் போனாள்.

விடியற்காலை ஒரியெட்டா வந்தாள்,
உடம்பெல்லாம் மீன் வாடை.
தாளின் முன்னால் நின்றாள்,
ஈரக் காலணியைக்கூடக் கழற்றாமல்.
நான் விளக்க வாயெடுப்பதற்குள்
வெப்பமானியை எடுத்துக்கொண்டு
மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கருவி கத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
வெகுநேரம் ஆயிற்று, கத்தவில்லை.
நவுவேல் இருமினான்.
ஆறு பத்துக்கு நீர் வற்றும் என்றிருந்தது,
வற்றிக்கொண்டிருந்தது.